எதிர் வீடு காலியாக இருக்கிறது

சனிக்கிழமைகளில் அவளுக்கு வீடு கிடையாது.

வீடு இருக்கிறது. அதே இடத்தில், அதே வெளிர் மஞ்சளில், கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பூந்தொட்டி, அந்தப் பக்கம் ஒரு பூந்தொட்டி என்று அப்படியே நிற்கிறது. ஆனால் காலையிலிருந்து சாயங்காலம்வரை அது அவளுடையது இல்லை. வாசலில் 'மாதிரி வீடு – உள்ளே வாருங்கள்' என்று ஒரு பலகை வந்து உட்கார்ந்துவிடும். யார் வேண்டுமானாலும் வரலாம். அலமாரியைத் திறந்து பார்க்கலாம். மெத்தையை அமுக்கிப் பார்க்கலாம். போன மாதம் ஒருவர் அவள் கணவனின் தோளையே அமுக்கிப் பார்த்தார். சோபாவோடு சேர்ந்தவர் என்று நினைத்துவிட்டாராம்.

வாராவாரம் கூட வருகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு தடவை.

இது திட்டமிட்ட குடியிருப்பு. வீடுகள், மரங்கள், மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, இடைவெளியில் போட்ட பெஞ்சு, எல்லாம் முதலில் காகிதத்தில் வரைந்து பிறகு தரையில் இறக்கியவை. உள்ளே இருக்கிறவர்கள் 'வளாகம்' என்பார்கள். அவளும் கணவனும் இங்கே வீடு வாங்கியபோது கம்பெனி ஒரு சலுகை கொடுத்தது. இரண்டு வருஷம் உங்கள் வீட்டை மாதிரி வீடாக வைத்துக்கொள்ளச் சம்மதித்தால் விலை குறையும். மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாம் கம்பெனியே போடும். சனிக்கிழமை வருகிறவர்களிடம் நீங்கள் இயல்பாகவும் மகிழ்ச்சியாகவும் பேச வேண்டும். யாருடைய மனசையாவது கலைத்துவிட்டால் சலுகை போய்விடும். ஒப்பந்தத்தில் 'இயல்பாக' என்ற சொல் எக்கச்சக்கமான இடங்களில் வருகிறது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் தம்பி போன் செய்து, "அக்கா! உன் எதிர் வீடு காலியாமே!" என்று கத்தினான். கோபத்தில் கத்தவில்லை. அவன் பேசுவதே அப்படித்தான். அந்த இடத்தில்தான் விட்டோம்.

இன்றைக்குச் சனிக்கிழமை. தம்பியும் அவன் மனைவியும் எதிர் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் இன்றைக்கே கையெழுத்து.

---

காலையில் எழுந்ததும் அவள் செய்த முதல் வேலை, போனில் நாலாவது முகத்தைத் தொட்டது.

வளாகத்தில் எல்லார் போனிலும் தினமும் ஐந்து முகங்கள் வரும். அழுமூஞ்சியில் ஆரம்பித்து ஈயென்று இளிக்கிற முகத்தில் முடியும். இன்றைக்கு எப்படி உணர்கிறீர்கள், தொடுங்கள். வந்த புதிதில் ஒருநாள் அவள் நடு முகத்தைத் தொட்டுவிட்டாள். சாயங்காலமே குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு அம்மா செடியோடு வந்து, அரைமணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போனாள். அதிலிருந்து நாலாவது முகம்தான். ஐந்தாவதைத் தொட்டால் பேட்டி எடுக்க வருவார்கள்.

பக்கத்தில் கணவன் காலை மடக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மாதிரி வீட்டுக் கட்டில் நிஜக் கட்டிலைவிட ஒரு சாண் குட்டை. அறை பெரிதாகத் தெரிய வேண்டுமே. அவர் எடை, அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற வேலை. அளவு குறைந்தால் கடைக்கே சீல் வைக்கிறவர், தன் கட்டில் குறைகிறது என்று முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். காலை மடக்கிக்கொண்டார்.

"இன்னைக்கு என் தம்பி வர்றான்," என்றாள்.

"ம்."

"வாங்கிடுவான் போல இருக்கு."

"நல்லதுதானே?"

நல்லதுதான். பிரச்சினை அதுதான்.

அவள் பொய்ப்பல் செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள். யாருடைய வாய்க்கோ, யாருடைய ஈறுக்கோ பொருந்துகிற மாதிரி நிறம் பார்த்து, வளைவு பார்த்து மெழுகில் பல் செதுக்குவாள். இரண்டு மாதம் முன்னால் கொதிக்கிற மெழுகு விரலில் கொட்டிவிட்டது. 'ஐயோ!' என்று கத்தியது பக்கத்து மேஜைக்காரி. இவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தரின் விரல் சிவந்துகொண்டு வருகிற மாதிரி இருந்தது.

அப்படித்தான் ஆகிவிட்டது. சாப்பாடு வாயில் போகிறது. படம் ஓடுகிறது. ஆட்கள் செத்துப்போனதாகப் போன் வருகிறது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

ஒரே ஒரு இடம் விதிவிலக்கு. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவள் தம்பி வீட்டுக்குப் போவாள். அப்பா அம்மா காலத்திலிருந்தே அவர்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீடு. கீழே தகரப் பட்டறை. மேலே ஒரு குடும்பம் காரணமே இல்லாமல் பீரோவை இழுத்துக்கொண்டிருக்கும். நடுவில் தம்பி, பக்கத்து அறையில் இருக்கிற மனைவியிடம், பக்கத்து ஊரில் இருக்கிறவளிடம் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருப்பான். அவள் சமையலறைத் தரையில் ஒரு பாயைப் போட்டுப் படுத்தால், சம்மட்டிச் சத்தத்தில் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவாள். எழுந்தால் பசிக்கும். தம்பி மனைவி போட்ட டீயில் சர்க்கரை போதவில்லை என்று எரிச்சல் வரும். எரிச்சல்! அதற்காகவே பஸ் பிடித்துப் போகலாம்.

தம்பி இங்கே வந்துவிட்டால் அந்த வீட்டைக் காலி செய்துவிடுவான். வீட்டுக்காரர் எப்போதிலிருந்தோ அதற்காகக் காத்திருக்கிறார்.

பிறகு எங்கே போவது? எதிர் வீட்டுக்கா? அது இதே வீடு. இடம் வலம் மட்டும் மாறியிருக்கும்.

---

"குட் மார்னிங் மேடம்! இன்னைக்கு எப்படி இருக்கோம்?"

விற்பனை மேலாளர் பலகையோடு வந்து நின்றார். எந்நேரமும் சிரித்தபடியே இருப்பதால் வீட்டுக்குள் அவருக்குப் பேர் 'சிரிப்பு'. மேல்வரிசை முன்பற்கள் நாலும் கட்டியவை. நிறம் ஒரு படி வெள்ளை அதிகம். வேறு லேப் வேலை.

"நல்லா இருக்கோம்," என்றாள்.

"சூப்பர். அது கொஞ்சம் கண்ணுலயும் தெரியட்டும் மேடம். சார் எங்கே?"

சார் சோபாவில் தயாராக இருந்தார். கையில் செய்தித்தாள், கால்மேல் கால். பத்திலிருந்து ஐந்துவரை அவர் இயல்பாக இருக்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் இயல்பு கிடையாது.

முதலில் ஓய்வுபெற்ற ஒருவர் மனைவியோடு வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"திருட்டு உண்டாம்மா?"

"இல்ல சார்."

"நாய்த் தொல்லை?"

"எல்லாம் கயித்துலதான் சார்."

"அக்கம்பக்கம்?"

"இருக்காங்க சார்."

"எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க."

சிரிப்பு மெல்லக் கனைத்தார். அவள் உடனே பாடத்துக்குத் திரும்பினாள். "காலையில எழுந்தா முதல்ல கேக்கறது பறவைச் சத்தம்தான் சார். ரெண்டாவது, காத்து. மூணாவதா எதுவும் கேக்காது. அப்பதான் மனசுக்குத் தெரியும், வீடுன்னா இதுதான்னு."

கம்பெனி எழுதிக் கொடுத்த வரிகள். முதல் மாதம் வெட்கமாக இருந்தது. இப்போது வாய் தானாகத் திறந்து தானாக மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் அவள் வேறு எதையாவது யோசிப்பாள். பெரும்பாலும் எதையும் யோசிக்க மாட்டாள்.

பெரியவர் மாடிக்குப் போனார். மாடிக் குளியலறை காட்சிக்கு வைத்தது. குழாய் உண்டு, குழாய்க்குப் பின்னால் தண்ணீர் கிடையாது. 'பார்வைக்கு மட்டும்' என்று அட்டை தொங்கும். அட்டையைப் பார்க்காமல் உள்ளே போய்விட்ட மூன்று பேரை இதுவரை வளாகம் கண்டிருக்கிறது. அவர்களுக்கு அப்புறம் யார் என்ன செய்தார்கள் என்பது இந்த அத்தியாயத்துக்குத் தேவையில்லாதது.

"அந்த அட்டையில இன்னொண்ணு இருந்தா எடுத்து என் கழுத்துல மாட்டிடு," என்றார் சோபாவிலிருந்து கணவன், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் சிரித்திருக்க வேண்டும். நல்ல ஜோக்தான். தனக்குச் சிரிப்பு வருகிற இடம் எங்கே என்று மனசுக்குள்ளே கொஞ்சநேரம் தேடினாள். அதற்குள் அடுத்த ஆட்கள் வந்துவிட்டார்கள்.

---

மதியம் தாண்டி, தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. வளாகத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது. நாலு வீட்டுச் சன்னல்களில் திரை அசைந்தது.

தம்பி வந்துவிட்டான்.

அவன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கூரையில் 'பழகுநர்' என்ற பலகை வைத்த ஸ்கூல் கார்தான் குடும்பக் கார். ஓட்டிவந்தது மனைவி. பக்கத்து சீட்டில் அவன். அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. "மெதுவா! லெப்ட்ல பாரு! ஒடி, ஒடி, ஒடி... போதும்!" என்று சொல்லிக்கொண்டே தன் பிரேக்கை அழுத்தினான். கார் முன்னால் குனிந்து நின்றது. லைசென்ஸ் எடுத்து எட்டு வருஷமான மனைவி, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினாள்.

"அக்காஆஆ! எப்படி இருக்கே? இளைச்சிட்டியே! மாமா எங்க?"

"உள்ள. இயல்பா இருக்காரு."

"என்னது?"

"உள்ள வாடா. மெதுவாப் பேசு."

"நான் மெதுவாத்தானே பேசறேன்!" என்றான். மூன்று வீடு தள்ளி ஒரு நாய் கயிற்றோடு எழுந்து நின்றது.

தம்பி மனைவி வந்து அவள் கையைப் பிடித்தாள். "நல்லா இருக்கீங்களா அண்ணி?"

துணி துவைக்கும் மெஷின் கம்பெனியில் புகார் வாங்குகிற வேலை அவளுக்கு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, மெஷின் சுத்தவில்லை, மெஷின் நிற்கவில்லை, மெஷின் நடந்து வாசலுக்கே வந்துவிட்டது என்று நாள் முழுக்கத் திட்டுகிறவர்களிடம் 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது' என்று சொல்ல வேண்டும். பேசும்போதுகூட எதிராளி கத்தப்போகிறார் என்பதுபோல் லேசாகத் தலையைச் சாய்த்தபடிதான் இருப்பாள்.

தம்பி வீட்டைச் சுற்றினான். அலமாரிப் புத்தகங்களில் ஒன்றை உருவினான். பத்துப் புத்தகமும் ஒன்றாகக் கையோடு வந்தன. முதுகு மட்டும் ஒட்டிய அட்டை. "அடப்பாவி! படிக்காமலே படிச்ச மாதிரி!" என்று ரசித்தான். படுக்கையில் பொத்தென்று விழுந்து பார்த்தான். முழங்காலுக்குக் கீழே வெளியே தொங்கியது.

"மாமா! நீங்க காலை எங்க வைப்பீங்க?"

"வச்சுக்கறதில்ல மாப்பிள்ள. மடிச்சு வச்சிடுவேன்," என்றார் சோபா.

சிரிப்பு வெளியே இன்னொரு குடும்பத்திடம் மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தம்பி அக்காவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான். மனைவியும் பின்னாலேயே வந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான். அதாவது, மற்றவர்கள் சாதாரணமாகப் பேசுகிற அளவுக்கு.

"அக்கா, நோட்டீஸை விடு. நீ சொல்லு. இங்க நிஜமா எப்படி?"

"தண்ணி நிக்காது. கரண்ட் போகாது. ரோட்டுல பள்ளம் கிடையாது. கதவைத் திறந்து போட்டுட்டுக் கடைக்குப் போகலாம்."

"அதெல்லாம் நல்லது. கெட்டது சொல்லு."

சொன்னால் சலுகை போய்விடலாம். சொல்லாவிட்டால் அந்தச் சமையலறைத் தரையும் பாயும் போய்விடும். அவள் அடுப்புமேடையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"சண்டை போட முடியாதுடா."

தம்பி வெடித்துச் சிரித்தான். "இது கெட்டதா?"

"கேளு. வந்த புதுசுல ஒருநாள் நானும் மாமாவும் சண்டை போட்டோம். எதுக்குன்னுகூட ஞாபகம் இல்ல. பத்து நிமிஷத்துல போன்ல வந்துச்சு: 'உங்கள் வீட்டில் ஒலி சற்று உயர்ந்துள்ளது. அனைவரும் நலமா?' மறுபடி ஒருநாள், மறுபடி அதே. மூணாவது தடவை ஒரு பொம்பள வந்து புத்தகம் கொடுத்துட்டுப் போனாங்க. 'அமைதியாகக் கருத்து வேறுபடுவது எப்படி'ன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் சண்டை வந்தா கார்ல ஏறி கேட்டுக்கு வெளிய போயிடுவோம். சுடுகாட்டு ரோட்டுல நிறுத்தி, போட வேண்டியதைப் போட்டுட்டு வருவோம். பெட்ரோல் விலை ஏறிச்சு. அதுவும் நின்னுபோச்சு."

"சரி, நின்னா நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா சண்டை வர்ற பேச்சையெல்லாம் ஒவ்வொண்ணா விட்டுட்டே வந்தோம்டா. நம்மம்மா பேச்சு, அவங்கம்மா பேச்சு, ஏன் இங்க வந்தோம்ங்கற பேச்சு. கடைசியில பாத்தா பேசறதுக்கு ஒண்ணுதான் மிச்சம். குப்பை எடுக்க எந்தக் கிழமை வருவாங்கன்னு."

"செவ்வாய்," என்றார் சோபா.

தம்பி சிரிக்கவில்லை. அக்காவையே பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி முந்திக்கொண்டாள்.

"கத்தவே முடியாதா அண்ணி?"

"முடியாதும்மா."

"யாருமே?"

"யாருமே."

"தூக்கத்துல உளறினா?"

"சன்னல் சாத்தியிருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தம்பி மனைவி அடுப்புமேடையில் கையை வைத்தாள். சாய்ந்திருந்த தலை நேராக நிமிர்ந்தது. "எவ்ளோ நல்லா இருக்கு," என்றாள். சொர்க்கத்தின் வரைபடத்தை யாரோ மடித்துக் கையில் கொடுத்துவிட்டதுபோல் முகம்.

கைதட்டல் கேட்டது. வாசற்படியில் சிரிப்பு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

போச்சு, என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, பயம் வரவில்லை.

"மேடம்! இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்றார் சிரிப்பு. கண்ணில் நிஜமான ஈரம். "சண்டையே வராத வீடு! நாங்க இத்தனை பேர் உக்காந்து யோசிச்சும் இது வரல பாருங்க. பறவைச் சத்தத்தை எடுத்துடலாம். இனிமே இதையே சொல்லுங்க."

ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் உண்மை சொன்னாள். அது இன்னொரு வசதியாகப் பட்டியலில் சேர்ந்துகொண்டது.

---

எதிர் வீட்டைத் திறந்தார்கள். புது பெயின்ட் வாசனை.

அவள் பழக்கத்தில் விளக்குக்காகக் கையை நீட்டினாள். வெறும் சுவர். சுவிட்ச் அந்தப் பக்கம் இருந்தது. கண்ணாடிக்குள் நுழைந்துவிட்ட மாதிரி எல்லாமே இடம் மாறி, எல்லாமே அதே.

"ஓ!" என்று தம்பி எதிரொலி பார்த்தான். வெறும் அறையில் அது சுற்றிச் சுற்றி வந்தது. சிரிப்பின் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "சங்கத்துலேருந்து. எல்லாரும் நலமான்னு கேக்கறாங்க," என்றார் பெருமையாக.

பிறகு கையகல டேப்லெட்டை எடுத்தார். "நாங்க குடும்பங்களுக்கு மட்டும்தான் தர்றோம் சார். தனியா இருக்கறவங்களுக்கு இங்க இடம் இல்ல. சூழல் கெட்டுடும் பாருங்க. அதனால ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். லோன் மேடம் சம்பளத்துல போகுது. நீங்க இணை விண்ணப்பதாரர்."

மனைவி விரலாலேயே சட்டென்று கையெழுத்துப் போட்டுவிட்டு டேப்லெட்டைக் கணவனிடம் நீட்டினாள்.

தம்பி வாங்கவில்லை. அக்காவிடம் வந்தான். அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான்.

"அக்கா. சமையலறையில நீ சொன்னது எனக்கு என்னமோ போல இருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லு. வேணாம்னு சொல்லு. இப்பவே காரை எடுத்துட்டுப் போயிடறேன். இவ கோவிச்சுப்பா, ரெண்டு நாள் பேசமாட்டா. அது நான் பாத்துக்கறேன். நான் நம்ம வீட்டுலயே இருந்துடறேன். சொல்லு."

நம்ம வீடு.

வேண்டாம்டா என்ற சொல் தொண்டைவரைக்கும் வந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அது வந்து நிற்பது. தள்ளினால் போதும்.

ஆனால் அன்றைக்குச் சனிக்கிழமை. ஒரு ஹாலில் அவள் நிற்கிறாள். முன்னால் ஒரு முகம், பதிலை எதிர்பார்த்து. பக்கத்தில் சிரிப்பு. வாய்க்கு அது போதுமாக இருந்தது.

"காலையில எழுந்தா முதல்ல கேக்கறது பறவைச் சத்தம்தான்," என்று தன் குரல் சொல்வது அவள் காதில் விழுந்தது. "ரெண்டாவது, காத்து."

நிறுத்து, என்றாள் உள்ளே. வாய் கேட்கவில்லை.

"மூணாவதா எதுவும் கேக்காது. அப்பதான் மனசுக்குத் தெரியும்..."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒன்றென்றால் உடனே வந்துவிடும்.

"போதும்க்கா," என்றான். "நீ இவ்ளோ நீளமாப் பேசியே ரொம்ப நாளாச்சு. அது போதும் எனக்கு."

டேப்லெட்டை வாங்கினான். ஆள்காட்டி விரலால், கார் திருப்புகிற மாதிரி ஒரு பெரிய வளைவு போட்டுக் கையெழுத்திட்டான்.

சிரிப்பு எல்லாருக்கும் கை கொடுத்தார். அவளுக்கும் கொடுத்தார். யாரோ ஒருத்தியின் கையைக் குலுக்குகிறார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

---

"அண்ணி, மாடி அலமாரியை எனக்குக் காட்டுங்களேன்," என்றாள் தம்பி மனைவி.

மாடியில் அலமாரிப் பக்கமே அவள் போகவில்லை. அறைக்கதவைச் சாத்தினாள். நல்ல கதவு. சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவர்கிட்ட இன்னும் சொல்லல."

"சொல்லும்மா."

"பழைய வீட்டைக் காலி பண்றோம்னு வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லல. சொல்லிட்டேன்னு உங்க தம்பிகிட்ட சொல்லியிருக்கேன்."

"ஏன்?"

"அவர் அங்கயே இருக்கட்டும்னு. இங்க நான் மட்டும்தான் வரப்போறேன் அண்ணி. தனி ஆளுக்குத் தரமாட்டாங்க. அதுக்குத்தான் அவர் கையெழுத்து."

கீழே தம்பி ஹாலின் நீள அகலத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தான். சத்தமாக எண்ணிக்கொண்டே.

"அடிச்சானா?"

"ச்சே."

"குடிக்கிறானா?"

"அண்ணி! இருமல் மருந்து குடிச்சாலே தள்ளாடறவர் உங்க தம்பி."

"வேற யாராவது..."

"யாரும் இல்ல. அவர் நல்லவர் அண்ணி. சத்தமா நல்லவர். கண்ணு முழிச்சதுலேருந்து தூங்கறவரைக்கும் நல்லவரா இருந்துட்டே இருக்கார். எனக்கு முடியல." அவள் அழவில்லை. புகாரைப் பதிவு செய்கிற அதே சீரான குரலில்தான் சொன்னாள். "நாள் பூரா காதுல கோபத்துல கத்தறாங்க. வீட்டுக்கு வந்தா பாசத்துல கத்தறார். ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாமப் போச்சு. நேத்து ஒருத்தர் போன்ல, 'நீயெல்லாம் ஒரு மனுஷியா'ன்னு கேட்டார். 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது'ன்னேன். வீட்டுக்கு வந்தேன். உங்க தம்பி, 'சாப்பிட்டியாடா செல்லம்'னு கேட்டார். அவருக்கும் அதேதான் சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஜோக்குன்னு நினைச்சு சிரிச்சார். பத்து நிமிஷம்."

அக்கா என்கிற ஸ்தானத்தில் இருக்கிற ஒருத்தி இந்த இடத்தில் செய்ய வேண்டியவை எல்லாம் அவளுக்குத் தெரியும். குமுற வேண்டும். 'என் தம்பிக்கு என்னடி குறை' என்று கேட்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு, அவசரப்படாதே, உட்கார்ந்து பேசலாம் என்று கெஞ்ச வேண்டும். படியிறங்கி ஓடிப்போய் அந்தக் கையெழுத்தை அழிக்கச் சொல்ல வேண்டும்.

அவள் வாயைத் திறந்தாள்.

"அப்போ அந்த வீடு இருக்குமா?"

தம்பி மனைவிக்குப் புரியவில்லை. "எந்த வீடு?"

"நம்ம வீடு. பட்டறைக்கு மேல."

"இருக்கும் அண்ணி. அவர் இருப்பாரே."

"சமையல்கட்டு எல்லாம்?"

"எல்லாம் அப்படியேதான்."

அப்போதுதான் அது வந்தது. நெஞ்சுக்குக் கீழே எங்கேயோ கிளம்பி, சூடாக, நிதானமாக மேலே ஏறியது. என்ன இது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. வந்து நாளாகிவிட்டதால் முகம் மறந்துபோயிருந்தது. துக்கமாக இருக்கும் என்று பார்த்தாள். இல்லை. பயமும் இல்லை. தம்பியின் குடும்பம் இரண்டாக உடையப்போகிறது. அவள் உடம்பு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது சந்தோஷம்.

"அண்ணி," என்றாள் தம்பி மனைவி மெதுவாக. "சிரிக்கறீங்களா?"

அவள் கையால் வாயைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம்.

"அக்காஆ!" கீழேயிருந்து வந்தது குரல். "இந்த மூலையில உனக்குன்னு ஒரு சேர் போட்டுடறேன்! தினமும் சாயங்காலம் வந்து உக்காரணும், சொல்லிட்டேன்! கேக்குதா?"

தம்பி மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. "அவர்கிட்ட சொல்லிடுவீங்களா?"

அவள் கையை விடுவித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கீழே போகுமுன் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று நின்று பார்த்தாள். சிரிப்பை வரவழைத்துத்தான் அவளுக்கு ஒரு வருஷப் பழக்கம். போகவைத்துப் பழக்கமில்லை. அதோடேயே படியிறங்கினாள்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் அப்படியே மலர்ந்தது.

"சார், இங்க வாங்க!" என்று வாசலில் நின்றிருந்த மேலாளரை வீடே அதிரக் கூப்பிட்டான். "எங்கக்கா முகத்தைப் பாருங்க சார்!"